திருச்சி கேர்ள்ஸ் ஸ்கூல் ஒண்ணுல மியூசிக் குரூப் எப்படி இருக்கு – ரெண்டு வருஷமா பார்க்கிற அம்மா எழுதுறது

என் பொண்ணு இப்போ எட்டாவது முடிக்கப் போறா. ஆறாவது வரைக்கும் வேற ஸ்கூல், ஏழாவதுலதான் இங்க மாத்தினோம். திருச்சியில எய்டட் கேர்ள்ஸ் ஸ்கூல், பேரு போடல, ஏன்னா பாராட்டும் எழுதப் போறேன் குறையும் எழுதப் போறேன், படிக்கிற பிள்ளைங்க நிறைய பேர் இருக்காங்க. போன மாசம் ஸ்கூல்ல மியூசிக் ஈவ்னிங் வச்சாங்க, ரெண்டரை மணி நேரம், அதை முழுசா உட்கார்ந்து பார்த்தேன், அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமா சாயங்காலம் பிராக்டிஸ் முடியுற வரைக்கும் வராண்டால காத்துக்கிட்டு நின்னு கேட்டதும் இருக்கு. ரெண்டையும் சேர்த்துதான் இது.

முதல்ல பழைய கதை ஒண்ணு சொல்லணும். முன்னாடி படிச்ச ஸ்கூல்ல ஆனுவல் டேக்கு இவளை குரூப் சாங்ல சேர்த்தாங்க, நாங்களும் ஆசையா பட்டுப்பாவாடை தைச்சு அனுப்பினோம். மேடையில முப்பது பிள்ளைங்க வாயைத் திறக்குது, ஆனா வர்றது பென் டிரைவ்ல இருக்கிற பாட்டு, யாரோ ஸ்டுடியோல பாடினது. வீட்டுக்கு வந்து "அம்மா நான் நிஜமாவே பாடினேன், உனக்கு கேட்டுச்சா"ன்னு கேட்டா. கேட்கலைன்னு சொல்ல மனசு வரல. அன்னைக்கே முடிவு பண்ணினேன், அடுத்த ஸ்கூல் பார்க்கும்போது ரிசல்ட் கேட்கிற மாதிரி இதையும் கேட்கணும்னு.

இந்த ஸ்கூல்ல டிராக் கிடையாது. ரெண்டு வருஷத்துல ஒரு தடவை கூட பார்க்கல. ப்ரேயர்ல தமிழ்த்தாய் வாழ்த்துல இருந்தே ஆரம்பிக்குது, ரேடியோ பெட்டில போடாம தினமும் ஒரு கிளாஸ் பிள்ளைங்க முன்னாடி வந்து நின்னு பாடுறாங்க, இந்த வாரம் 7 பி, அடுத்த வாரம் 9 ஏ அப்படின்னு. 2021 டிசம்பர்ல அதை மாநிலப் பாடலா அறிவிச்சு அரசாணை வந்தப்பவே ரெக்கார்டு போடுறதை தவிர்த்து வாயால பாடணும்னு சொல்லியிருந்தாங்க, மோகன ராகம், மூன்றன் நடை (மூணு மூணா எண்ற தாள நடை), 55 செகண்ட்ல முடியணும்னு கூட இருக்கு. எத்தனை இடத்துல அப்படி பாடுறாங்கன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. இங்க வருஷம் முடியறதுக்குள்ள பாட வராதுன்னு சொல்ற பிள்ளை கூட மைக் முன்னாடி நின்னிருக்கும்.

சரி, குரூப் எத்தனைன்னா நாலு. பாட்டு, வீணை, பேண்ட், பறை. கூடவே மிருதங்கம், கடம் வாசிக்கிற ரெண்டு மூணு பேர் பாட்டு குரூப்போட சேர்ந்து உட்காருவாங்க.

பாட்டு குரூப்தான் எனக்கு உயிர். நாப்பது பிள்ளைங்க இருக்கும். பாட்டு மிஸ் சேர்க்கும்போது ஒவ்வொருத்தரையும் தனியா கூப்பிட்டு ஸ்ருதிப் பெட்டிய 5 கட்டையில (கட்டைங்கறது ஸ்ருதி உயரத்தோட அளவு, எண் ஏற ஏற ஸ்ருதியும் ஏறும்) வச்சு ஆரம்பப் பாடமான ஸரளி வரிசை பாடச் சொல்வாங்க, அப்புறம் கொஞ்சம் ஏத்தி 5½, 6, அப்புறம் இறக்கி 4. எந்த இடத்துல குரல் நெருக்காம நிக்குதுன்னு ஒரு நோட்டுல எழுதி வச்சிக்கிறாங்க. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா இதுதான் எல்லாமே. ஆம்பளைங்க பெரும்பாலும் 1 கட்டை பக்கம் பாடுவாங்க, பொம்பளைங்க குரல் 5, 5½ பக்கம் நிக்கும், இது கொஞ்சம் பாட்டு தெரிஞ்ச எல்லாருக்கும் தெரியும். ஆனா நிறைய இடத்துல சொல்லிக் குடுக்கிறவங்க குரலுக்கு எது வசதியோ, இல்ல சினிமா பாட்டு எந்த ஸ்ருதியில இருக்கோ அதுலயே பிள்ளைங்களையும் பாட வச்சிடுறாங்க, கீழ போனா காத்துதான் வரும், மேல போனா கத்தல், அப்புறம் "உனக்கு குரல் இல்ல"ன்னு ஒரு பேரு. பன்னெண்டு பதிமூணு வயசுல பொண்ணுங்களுக்கும் குரல் மாறும்ங்கறது நிறைய அம்மாங்களுக்கே தெரியாது, பசங்களுக்கு மாதிரி உடையாது, ஆனா கொஞ்ச நாள் காத்து கலந்த மாதிரி வரும், மேல் ஸ்தாயி சட்டுன்னு கிடைக்காது. போன வருஷம் என் பொண்ணுக்கு அப்படி ஆச்சு, அழுதா, நான் பாட்டை விட்டுடறேன்னு சொன்னா. மிஸ் அவளை வெளிய அனுப்பல, ரெண்டாவது வரிசைக்கு மாத்தி ஆறு மாசம் கீழ் பார்ட் பாட வச்சாங்க. இப்போ குரல் திரும்பி நல்லா கனமா வருது. இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் இந்த ஸ்கூலை எங்க போனாலும் சொல்லுவேன்.

மியூசிக் ஈவ்னிங்ல பாட்டு குரூப் ஆறு பாட்டு பாடினாங்க. ஒரு வர்ணம், பாரதியார் பாட்டு ரெண்டு, ஒரு நாட்டுப்புறப் பாட்டு, ரெண்டு குரலா பிரிச்சு பாடுற கொயர் பாட்டு ஒண்ணு, அப்புறம் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை ஒண்ணு. அவர் 1774ல பிறந்தவர், சுவார்ட்ஸ் பாதிரியார்கிட்ட வளர்ந்தவர், சரபோஜி மன்னர் கூட பழகினவர், கர்நாடக ராகத்துலயே கிறிஸ்தவக் கீர்த்தனை எழுதினவர். நம்ம பக்கத்து ஊர்க்காரர், ஆனா சபாவுல கேட்க முடியாது, சர்ச்சுலதான் கேட்க முடியும், இங்க எல்லா மதத்துப் பிள்ளைங்களும் சேர்ந்து தாளம் போட்டு பாடினதை கேட்கும்போது சிலிர்த்துப் போச்சு. என் பக்கத்துல ஒரு பாட்டிம்மா அந்தக் கீர்த்தனைய கூடவே முணுமுணுத்துக்கிட்டு இருந்தாங்க.

பின்னாடி மிருதங்கம் வாசிச்சது பத்தாவது படிக்கிற பொண்ணு. 5 கட்டைக்கு வாசிக்கணும்னா தாழ்ந்த ஸ்ருதிக்கு வாசிக்கிற பெரிய தக்கு மிருதங்கம் சரிப்படாது, நீளம் கம்மியான ஹெச்சு ஸ்ருதி, அதாவது உயர்ந்த ஸ்ருதி மிருதங்கம் வேணும், அதை ஸ்கூலே வாங்கி வச்சிருக்காங்க. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு ஓரமா உட்கார்ந்து ரவையைப் பிசைஞ்சு தொப்பிப் பக்கம், அதாவது இடது பக்கத் தோல்ல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, கவனமா, ரொட்டிக்கு மாவு தட்டுற மாதிரி. கடம் ஒன்பதாவது பொண்ணு. திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் புதுக்கோட்டைக்காரங்க, திருச்சியில இருந்து ஒண்ணரை மணி நேரம்தான், பொம்பளை மிருதங்கம் வாசிக்கிறதை நினைச்சே பார்க்காத காலத்துல வாசிச்சவங்க. கடத்துல சுகன்யா ராம்கோபால், கட வித்வான் விக்கு விநாயக்ராம்கிட்ட கத்துக்கிட்டு 1995ல பொம்பளைங்க மட்டும் வாசிக்கிற தாள வாத்தியக் குழுவே ஆரம்பிச்சாங்க. இந்த ரெண்டு பேரையும் பத்தி மியூசிக் ரூம் சுவத்துல சார்ட் எழுதி ஒட்டி வச்சிருக்கு, பிள்ளைங்களே எழுதினது. கடம் வாசிக்கிற பொண்ணு அது பக்கத்துலதான் உட்காரும்.

வீணை குரூப்புக்கு வர்றேன். எட்டு வீணை. எல்லாமே தஞ்சாவூர் வீணை, பலா மரம், 24 மெட்டு (தந்திக்கு கீழ ஸ்வரத்துக்கு விரல் வைக்கிற உலோகப் பட்டை), வாசிக்கிற தந்தி 4, தாளத் தந்தி 3. 2013ல இதுக்கு புவிசார் குறியீடு கிடைச்சது. நமக்கு தஞ்சாவூர் பஸ்ஸுல ஒண்ணரை மணி நேரத்துல வந்துடும்ங்கறதால ரிப்பேருக்கு ரொம்ப வசதி, ஏன்னா வீணை வாங்குறது ஒரு செலவு, அதை வச்சுக்கிறது இன்னொரு செலவு. மெட்டு எல்லாம் மெழுகுல பதிச்சது, நம்ம திருச்சி வெயிலுக்கு மெழுகு இளகி மெட்டு நகர்ந்துடும், ஸ்வரம் சுத்தமா வராது, அப்போ திரும்ப மேளம் கட்டணும், அதாவது மெட்டை எல்லாம் சரியான இடத்துல மறுபடி மெழுகுல பதிக்கணும். போன வருஷம் நிகழ்ச்சியில நாலு வீணையில ரெண்டு இப்படித்தான் இருந்துச்சு, மத்யமம் (ம ஸ்வரம்) ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு மாதிரி கேட்டுச்சு, பிள்ளைங்க தப்பில்ல, வாத்தியம் தப்பு. நாங்க நாலஞ்சு பெற்றோர் ஹெச்.எம். கிட்ட போய் சொன்னோம், லீவுல எல்லாத்தையும் மேளம் கட்டக் குடுத்தாங்க, இந்த வருஷம் எட்டும் ஒண்ணு போல ஒலிச்சது. கேட்டதுக்கு செஞ்சாங்கங்கறதை சொல்லியே ஆகணும்.

ஆனா வீணையையும் பாட்டையும் சேர்த்து ஒரு ஐட்டம் வைங்கன்னு கேட்கிற பெற்றோருக்கு ஒண்ணு. அது ஏன் வைக்கலன்னு நானும் கேட்டேன், மிஸ் சொன்னதும் புரிஞ்சது. வீணை பொதுவா 3 கட்டை பக்கம் கூட்டுவாங்க, பிள்ளைங்க பாடுறது 5. வீணையை அங்க ஏத்தினா தந்தி அறுந்துடும், பாட்டை இங்க இறக்கினா பிள்ளைங்க குரல் புதைஞ்சு போயிடும். அழகா இருக்கும்னு குரலைக் கெடுக்கக் கூடாதுன்னு அவங்க நின்னது எனக்குப் பிடிச்சது.

பேண்ட் பத்தி அதிகம் சொல்ல இல்ல. சைடு டிரம், பேஸ் டிரம், சிம்பல், பியூகிள், ஸ்போர்ட்ஸ் டேக்கும் குடியரசு தினத்துக்கும் மார்ச் பாஸ்ட். நேரம் தவறாம, சுத்தமா வாசிக்கிறாங்க. பேஸ் டிரம் தூக்குற பொண்ணுங்களுக்கு தோள் பட்டை கயிறு மாத்திக் குடுங்க, ரெண்டு பேருக்கு தோள்ல தடிப்பே வந்துடுச்சு.

பறை குரூப் புதுசு, போன வருஷம்தான் ஆரம்பிச்சாங்க. இதுக்கு சில வீட்டுல முகம் சுளிச்சாங்க, அது சாவு வீட்டு வாத்தியம், பொம்பளைப் பிள்ளை அடிக்கலாமான்னு வாட்ஸாப் குரூப்லயே எழுதினாங்க. ஒரு தோலுக்கும் ஒரு குச்சிக்கும் சாதி ஒட்டி வச்சதை நம்ம பிள்ளைங்க தலையில ஏன் இன்னும் ஏத்தணும். திண்டுக்கல் சக்தி கலைக்குழுல பொம்பளைங்க எத்தனையோ வருஷமா பறை அடிச்சு ஆடிக்கிட்டு இருக்காங்க, நமக்கு பக்கத்து மாவட்டம்தான். ஸ்கூல் பின்வாங்கல. விருப்பம் இருக்கிற பிள்ளை வரலாம்னு சொன்னாங்க, பதினாலு பேர் வந்தாங்க. நிகழ்ச்சி அன்னைக்கு மேடைக்குப் பின்னாடி மைதானத்துல பறைய நெருப்புல காய்ச்சினாங்க, சொல்லிக் குடுக்கிற அண்ணன் பக்கத்துலயே நின்னு விரலால தட்டித் தட்டி ஓசை பார்த்தாரு, ஒரு டீச்சர் தண்ணி வாளியோட நின்னாங்க. அப்புறம் ஒரு கையில சிண்டுங்கற மெல்லிசுக் குச்சி, ஒரு கையில அடிக்குச்சி, காலுல சலங்கை, மேடைக்கு வராம கூட்டத்துக்கு நடுவுல இருந்தே அடிச்சுக்கிட்டு வந்தாங்க பாருங்க, மைக்கே தேவைப்படல. வாட்ஸாப்ல எழுதின அம்மா ஒருத்தங்க எழுந்து நின்னு வீடியோ எடுத்தாங்க, அவங்க பொண்ணு அந்தக் குரூப்ல இல்ல.

இப்போ குறை. சவுண்டு. நாப்பது பேர் பாடுறதுக்கு மைக் செட்காரர் ரெண்டே ரெண்டு மைக் வச்சாரு, அதுவும் கையில பிடிக்கிற மைக்கை ஸ்டாண்டுல மாட்டி, முன்னாடி நின்ன நாலு பிள்ளைங்க குரல்தான் வெளிய வந்துச்சு, ரெண்டாவது வரிசை கீழ் பார்ட் காணாமப் போச்சு. வீணைக்கு மைக்கை கிட்ட வச்சதும் கீ...ன்னு கத்துச்சு, தள்ளி வச்சா ஃபேன் சத்தம். ஒரு வருஷம் உழைச்ச பிள்ளைங்களுக்கு இது நியாயமில்ல. கல்யாண மண்டபத்துக்கு போடுற செட்டை அப்படியே கொண்டு வந்து வச்சா போதாது, முந்தின நாள் ஒரு மணி நேரம் வந்து பிள்ளைங்களை நிக்க வச்சு செக் பண்ணணும்.

டிரஸ் வாடகை தலைக்கு 650 ரூபா, மூணு ஐட்டத்துல இருக்கிற பிள்ளைக்கு மூணு டிரஸ். பாவாடை தாவணி எல்லார் வீட்டுலயும் இருக்கு, கலர் மட்டும் சொல்லிட்டா போதுமே. வருஷத்துக்கு மியூசிக் ஃபீஸ் 600தான் வாங்குறாங்க, அதுல வாத்தியம் எல்லாம் ஸ்கூலோடது, ஒரு நாள் டிரஸ்ஸுக்கு அதைவிட ஜாஸ்தின்னா சில வீட்டுல பிள்ளைய நிப்பாட்டிடுவாங்க, ஒரு பொண்ணு நின்னே போச்சு. சிறப்பு விருந்தினர் பேச்சு முப்பத்தஞ்சு நிமிஷம், கடைசி ரெண்டு பாட்டை வேகமா முடிக்கச் சொல்லிட்டாங்க.

எல்லாத்தையும் விட எனக்கு வலிக்கிறது ஒண்ணு. பத்தாவது, பன்னெண்டாவது பிள்ளைங்களை அரையாண்டுக்கு அப்புறம் குரூப்ல இருந்து எடுத்துடறாங்க. மேல சொன்ன மிருதங்கப் பொண்ணு இந்த நிகழ்ச்சிக்கு வந்ததே அவங்க அம்மா எழுதிக் குடுத்து அனுமதி வாங்கினதாலதான். அரசு ஸ்கூல்ல 2022ல இருந்து கலைத் திருவிழா நடக்குது, அதுல மேல்நிலைப் பிள்ளைங்களுக்கும் தனிப் பிரிவு இருக்கு, எங்க எதிர்வீட்டுப் பொண்ணு பதினொண்ணாவதுல வில்லுப்பாட்டுல கலந்துக்கிட்டா, மார்க்கும் வாங்கினா. கர்நாடக சங்கீதப் பாடகி டி.கே. பட்டம்மாள் கதைய எடுத்துக்குங்க, காஞ்சிபுரத்துல ஸ்கூல் நாடகத்துல பாடி நடிச்சதைப் பார்த்துட்டு தலைமையாசிரியை ஒருத்தங்கதான் இவளை மெட்ராஸுக்கு கூட்டிட்டுப் போய் பாட வைங்கன்னு அப்பாகிட்ட விடாம சொன்னது. ஒரு டீச்சர் வாயில இருந்து வர்ற வார்த்தை எவ்வளவு தூரம் போகும்னு பாருங்க. அதே டீச்சர் வாயில இருந்து "இனி பிராக்டிஸுக்கு வராத, படி"ன்னு வந்தாலும் அவ்வளவு தூரம் போகும்.

இங்க சேர்க்க நினைக்கிறவங்களுக்கு: பிராக்டிஸ் செவ்வாய், வியாழன், 4.15ல இருந்து 5.15, ஸ்கூல் வேன் காத்திருக்காது, நீங்கதான் கூட்டிட்டு வரணும். வீணைக்கு ஜூன்லயே பேரு குடுத்துடுங்க, எட்டு இடம்தான். பாட்டுக்கு எப்ப வேணா சேரலாம், குரல் சுமாரா இருந்தாலும் மிஸ் திருப்பி அனுப்ப மாட்டாங்க.

பத்தாவது பிள்ளைங்களுக்கு சனிக்கிழமை ஒரு மணி நேரமாவது பிராக்டிஸ் விடுங்கன்னு இருபத்திரெண்டு அம்மாக்கள் கையெழுத்துப் போட்டு போன வெள்ளிக்கிழமை ஹெச்.எம். கிட்ட குடுத்திருக்கோம். ஜூன்ல சொல்றேன்னு சொல்லியிருக்காங்க. என்ன சொன்னாங்கன்னு அப்போ இங்கயே வந்து எழுதுறேன்.