வேடந்தாங்கலா, பழவேற்காடா: ஒரு நாள் பயணத்துக்கு எது ஏற்றது?

சென்னையிலிருந்து ஒரே நாளில் பறவைகளையும் வரலாற்றுச் சின்னங்களையும் பார்த்துத் திரும்ப எண்ணுவோருக்குத் தெற்கே வேடந்தாங்கல், வடக்கே பழவேற்காடு என இரண்டு வழிகள் உள்ளன. இரண்டுக்கும் சென்று வந்தபின், வீட்டுக்கு வரும் விருந்தினரை நான் அழைத்துச் செல்வது வேடந்தாங்கலுக்குத்தான்.

சாலை, செலவு ஆகியவற்றில் சொல்லத்தக்க வேறுபாடில்லை. வேடந்தாங்கல் ஏறத்தாழ 30 ஹெக்டேர் ஏரி. பழவேற்காடோ இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல். ஆனால் பரப்பைவிட, பறவைகள் எதற்காக வருகின்றன என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. பழவேற்காட்டுக்குப் பூநாரைகள் இரை தேடி வருவதால், நீரின் ஆழத்துக்கேற்ப இடம் மாறிக்கொண்டே இருக்கும். பல வேளைகளில் தொலைவில் ஓர் இளஞ்சிவப்புக் கோடு மட்டுமே தெரியும். குளிர்காலத்தில் மட்டுமே அங்குச் சென்றிருப்பதால் மற்றப் பருவங்களைப் பற்றி நான் பேச இயலாது. வேடந்தாங்கலுக்கோ நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்ட வருகின்றன. நீரில் நிற்கும் மரங்களில் முட்டையிட்டவை, குஞ்சுகள் பறக்கும்வரை, இரை தேடிப் போனாலும் அவ்விடத்துக்கே திரும்புகின்றன. மஞ்சள்மூக்கு நாரை அலகில் நீர் கொண்டுவந்து குஞ்சுகளின் மேல் சொரிவதைக் கரையில் நின்றே காணலாம். பருவமழை பொய்த்து ஏரி வற்றினால் மட்டும் இந்த வாதம் முழுவதும் அடிபட்டுப்போகும். ஆகவே நீர் இருப்பைக் கேட்டறியாமல் புறப்பட வேண்டாம்.

பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைத் தோட்டமும், அதன் வாயிலில் செதுக்கப்பட்ட எலும்புக்கூடுகளும் தனிச்சிறப்புடையவை என்பதை ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் 1613இல் எழுந்த டச்சுக்காரரின் கெல்ட்ரியா கோட்டையில் இன்று எஞ்சியிருப்பது மிகக் குறைவு. வேடந்தாங்கலைச் சுற்றியுள்ள வரலாறோ ஏரியின் வரலாறாகவே இருக்கிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கு (ஏரியைக் கவனிக்கும் ஊர்க்குழுவுக்கு) உறுப்பினரைத் தேர்ந்த விதத்தைக் கூறுகிறது. மதுராந்தகத்தில், பெருமழையில் கரை உடையாமல் காத்ததாக நம்பப்படும் ஏரிகாத்த ராமர் கோயிலின் தாயார் சன்னதித் திருப்பணியோடு தொடர்புபடுத்தப்படும் ஆங்கிலேய ஆட்சியர் லயோனல் பிளேஸ்தான், பறவைகளைச் சுடக்கூடாது என்ற வேடந்தாங்கல் மக்களின் உரிமையை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்றவரும். பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை அவ்வூரார் அறிந்திருந்தனர்.

கோயில்கள் நண்பகலில் நடை சாத்தப்படுவதால் காலையில் உத்திரமேரூரையும் மதுராந்தகத்தையும் முடித்துவிட்டு, பறவைகள் கூடு திரும்பும் மாலை நேரத்தை ஏரிக்கு ஒதுக்குவது நல்லது.