ஊட்டியில் ‘விண்டோஸ் அப்கிரேட்’ என்று 7,400 ரூபாயும் போச்சு, 11 வருஷ பைலும் போச்சு

இன்று நாலாவது தடவையாக அந்தக் கடைக்குப் போய்விட்டு, வெறுங்கையோடு இப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கடைப் பெயரைப் போடவில்லை. லேப்டாப் சர்வீஸ், சிசிடிவி, பிரிண்டருக்கு மை நிரப்புவது எல்லாம் சேர்த்துச் செய்கிற ஒரு சின்னக் கடை, ஊட்டியில். அங்கே நான் ஏமாந்தது 7,400 ரூபாய்.

நான் கோத்தகிரி பக்கம். வீட்டிலேயே டைப்பிங், டிடிபி வேலை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள். அதோடு எங்கள் ஊர் சிறு விவசாயிகள் சிலருக்குப் பச்சைத் தேயிலைக் கணக்கும் எழுதிக் கொடுக்கிறேன். மாசக் கடைசியில் எடைச் சீட்டையெல்லாம் ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்து தருவார்கள். யாருக்கு எந்தத் தேதியில் எத்தனை கிலோ, பேக்டரி என்ன விலை போட்டது, பிடித்தம் எவ்வளவு என்று எல்லாம் 2015-லிருந்து என் லேப்டாப்பில் இருந்தது. பணம் குறைந்து வந்தால் பழைய கணக்கைப் பார்க்க என்னிடம்தான் வருவார்கள்.

லேப்டாப் 2014-ல் வாங்கியது. இன்டெல் ஐ3, நாலாவது தலைமுறை, 4 ஜிபி ராம். விண்டோஸ் 8.1-ஓடு வந்தது, அப்புறம் இலவசமாகவே 10 ஏறியது. கொஞ்சம் மெதுவாக ஓடும், ஆனால் ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிகிறது என்று திரை முழுக்க அறிவிப்பு வந்ததும் பயந்துவிட்டேன். அந்தப் பயம்தான் என்னை அந்தக் கடைக்குக் கூட்டிப் போனது.

நவம்பர் 3, திங்கட்கிழமை. நல்ல மழை. லேப்டாப்பைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, சால்வைக்குள் வைத்துக்கொண்டு போனேன். கடைப் பையன் முதலில் துண்டு எடுத்துக் கொடுத்தான். “நல்லாத் தொடச்சுட்டு உக்காருங்கக்கா” என்று டீ சொன்னான். அங்கேயே என் மனசு விழுந்துவிட்டது. லேப்டாப்பைத் திறந்து அந்த அறிவிப்பைக் காட்டி, “இது இன்னும் ஒரு மாசம்தாங்க்கா. அப்புறம் ஆன் ஆகாது. பேங்க் பணம் கூடப் போயிடும்” என்றான். ஆதரவு முடிந்தால் ஆன் ஆகாது என்பது சுத்தப் பொய் என்று இப்போது தெரிகிறது. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோகும், கம்ப்யூட்டர் அதுபாட்டுக்கு ஓடும்.

விண்டோஸ் 11 ஒரிஜினல் லைசென்ஸ் 4,500, ராம் கூட்டுவதற்கு 1,900, சர்வீஸ் 1,000. மொத்தம் 7,400 ரூபாய். ஒரு விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் பேனாவில் எழுதிக் கொடுத்தான். அதை பில் என்று நினைத்தேன். “தம்பி, டி டிரைவ்ல ஊர்க்காரங்க கணக்கு இருக்கு, அது மட்டும் போயிடக் கூடாது” என்று இரண்டு தடவை சொன்னேன். “பேக்கப் எடுத்துட்டுத்தான் நான் கையே வைப்பேன்க்கா, என்னை உங்க சொந்தத் தம்பியா நெனைங்க” என்றான். பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். பணத்தையும் அப்போதே ஜிபேயில் அனுப்பினேன். கடைப் பெயர் வராமல் ஏதோ ஒரு ஆளின் பெயர் வந்தது. “ஓனர் நம்பர்தான்க்கா” என்றான். அதையும் நம்பினேன்.

புதன்கிழமை போய் வாங்கிவந்தேன். புது வால்பேப்பர், பட்டன் எல்லாம் நடுவில். கடையில் அதை மட்டும்தான் காட்டினான். வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் திறக்க ஆறு நிமிஷம். டி டிரைவைத் திறந்தேன். காலி. ஒரு போல்டர் கூட இல்லை.

அடுத்த நாள் அவசரமாக ஒரு பத்திரிகை வேலை. போன வருஷம் பிரஸ்ஸுக்கு மெயிலில் அனுப்பியிருந்த வேர்ட் பைல் ஒன்றை இறக்கித் திறந்தேன். மணமகன் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நின்றது. பாமினி எழுத்துரு போயிருந்தது. பாமினியில் அடித்தவர்களுக்குத் தெரியும், எழுத்துரு இல்லாவிட்டால் புள்ளி வைத்த எழுத்துக்கெல்லாம் அரைப்புள்ளிதான் தெரியும். எழுத்துருவைத் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். கணக்கை எங்கே போய் இறக்குவது?

போன் செய்தேன். “பேக்கப் ஹார்ட் டிஸ்க்ல இருக்குக்கா, மாஸ்டர் குன்னூர் போயிருக்காரு, வந்ததும் போட்டுத் தர்றேன்.” இரண்டு நாள் கழித்துப் போனால் கரண்ட் இல்லை. அடுத்த தடவை, மழையில் ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்று நின்று போய்ச் சேர்ந்தேன், “இன்னிக்குக் கூட்டம் அதிகம், நாளைக்கு வாங்க.” அப்புறம் போனை எடுப்பதே இல்லை. மூன்றாவது தடவை ஓனர் என்று ஒருவர் இருந்தார். “மேடம், உங்க லேப்டாப்பே பழசு, ஹார்ட் டிஸ்க் அடிவாங்கியிருக்கு, நாங்க என்ன பண்ண முடியும்?” அக்கா எப்போது மேடம் ஆனேன் என்று தெரியவில்லை. இன்று போனபோது பையனே இல்லை. “அவன் வேலையை விட்டு நின்னுட்டான்” என்றார்கள். ஊட்டிக்குப் போகவர 60 கிலோமீட்டர், ஒரு நாள் வேலை கெடும். என் 7,400 ரூபாய்க்காக நாலு தடவை.

கோவையில் படிக்கிற என் அக்கா மகனிடம் போனில் சொல்லி அழுதேன். அவன் பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னான். டாஸ்க் மேனேஜரில் ராம் அதே 4 ஜிபி. 1,900 ரூபாய் அங்கேயே போயிற்று. என்னிடம் இருந்தது விண்டோஸில் ஹோம் வகை, இப்போது இருப்பது ப்ரோ வகை. ஒரு கட்டளையை அடிக்கச் சொன்னான். ஆக்டிவேஷன் மே 2-ஆம் தேதி முடிகிறது என்று வந்தது. “சித்தி, காசு கொடுத்து வாங்குன லைசென்ஸுக்கு முடியற தேதியே வராது. இது 180 நாளுக்கு ஒருதடவை ஏமாத்தி ஓட்டற கிராக்” என்றான். அந்தக் கிராக் ஓடுவதற்காக, விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரையும் அணைத்து வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பு இல்லை என்று பயந்து போனவளுக்கு, இருந்த பாதுகாப்பையும் பிடுங்கி அனுப்பியிருக்கிறார்கள்.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று இருக்கிறது. என் லேப்டாப்புக்கு விண்டோஸ் 11 முறையாக வரவே வராது. டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாவது தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றினால் அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. தகுதியுள்ள கம்ப்யூட்டராக இருந்தால் 10-லிருந்து 11-க்கு மாற லைசென்ஸ் காசே வேண்டாம், இலவசம். நான் விண்டோஸ் 10-லேயே இருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்திருந்தால், காசில்லாமல் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வாங்கியிருக்கலாம். அப்டேட் பக்கத்தில் அதற்கு ஒரு பட்டன் இருந்ததாம். ஒரு பட்டனை அமுக்க வேண்டிய இடத்தில் 7,400 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

என்னவெல்லாம் கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடிந்தது இவ்வளவுதான். கடைக்குப் போகுமுன் பைலையெல்லாம் பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ நீங்களே எடுத்து வீட்டில் வையுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் என்கிற செயலி இலவசம், உங்கள் கம்ப்யூட்டருக்கு 11 வருமா வராதா என்று அதுவே சொல்லிவிடும். வராவிட்டால், வரவைக்கிறேன் என்று சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள். கடைப் பெயர் அச்சிட்ட பில் இல்லாமல் காசு அனுப்பாதீர்கள். பைல் அழிந்துபோனால் அந்தக் கம்ப்யூட்டரை அப்படியே அணைத்துவிடுங்கள், அதில் எதுவும் செய்யாதீர்கள். எனக்கு இது தெரியாமல் பத்து நாள் அதிலேயே வேலை செய்தேன். பழைய பைல் இருந்த இடத்தின் மேலேயே புதிது எழுதப்பட்டிருக்கும், எவ்வளவு மீளும் என்று சொல்ல முடியாது என்கிறான் அக்கா மகன்.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி நாளை கோவைக்கு அனுப்புகிறேன். காலையில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து நுகர்வோர் புகாரும் கொடுக்கப் போகிறேன். கையில் இருப்பது பேனாவில் 7,400 என்று எழுதிய அந்தக் கார்டும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும்தான். கீழ்வீட்டுத் தாத்தா இந்த மாச எடைச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.