வேவ் 125 பிரேக் பேட், பிரேக் கட்டை, ஆயில்: மோல்மீன் மழையில ஓட்டிப் பார்த்த ரிவ்யூ

பர்மாவுல நம்ம மோல்மீன் பஜார்ல ஹோண்டா வேவ் 125 மோட்டார் சைக்கிளுக்கு முன் பிரேக் பேட் குடுங்கன்னு கேட்டா கடைக்காரர் மூணு டப்பா எடுத்து மேஜை மேல வைப்பாரு, ஒண்ணு ஹோண்டா டப்பா, ஒண்ணு நிஸ்ஸின், இன்னொண்ணு பேர் வாயில நுழையாத ஏதோ ஒரு பிராண்ட், அது மத்த ரெண்டுல பாதி விலை கூட வராது. விலைய எழுதலாம்னுதான் பார்த்தேன், ஆனா டாலர் ஏற ஏற வாரத்துக்கு ஒரு விலை சொல்றாங்க, இன்னைக்கு எழுதினா நீங்க படிக்கிறப்போ பொய்யாயிடும். அதனால எது காசுக்கு உழைக்குது, எது உழைக்கலன்னு மட்டும் சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம். நம்ம பக்கம் ஓடுற வண்டில நிறைய தாய்லாந்துலேர்ந்து பார்டர் தாண்டி வந்த விதவுட் வண்டி, அதாவது லைசென்ஸ் இல்லாத வண்டி, சர்வீஸ் புக்கும் கிடையாது, ஷோரூம்ல போய் நிக்கவும் முடியாது, அதனால ஒண்ணு தெருமுனை மெக்கானிக் சயாகிட்ட விடணும், இல்ல நாமளே வீட்டு முன்னாடி உக்காந்து கழட்டணும். ரங்கூன்ல இருக்குற சொந்தக்காரங்ககிட்ட இதெல்லாம் சொன்னா சிரிக்கிறாங்க, அவங்களுக்கென்ன, டவுனுக்குள்ள 2003-லேர்ந்து மோட்டார் சைக்கிளே ஓட்டக்கூடாது, பஸ்ஸும் டாக்ஸியும்தான். இங்க முடோன் போகணும்னாலும் சால்வீன் பாலம் தாண்டி மொட்டமா போகணும்னாலும் மோட்டார் சைக்கிள் இல்லாம முடியாது.

சரி, பேட். அந்த பேர் தெரியாத பேட்ல ஆரம்பிக்கிறேன், பிராண்ட் பேர் சொல்லல, சொன்னாலும் அடுத்த மாசம் வேற பேர்ல அதே சரக்கு வரும். டப்பாவைப் பார்த்தா ஹோண்டா டப்பாவோட தம்பி மாதிரி இருக்கும், அதே சிவப்பு, அதே எழுத்து. உள்ள இரும்புத் தகட்டுப் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க, ஒரு நம்பர், ஒரு அச்சு எதுவும் இருக்காது, மொட்டையா இருக்கும். காய்ஞ்ச ரோட்ல மெதுவா போறவங்களுக்கு நிக்கும், நிக்காதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா மழையில லிவரைப் பிடிச்சதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஒரு நொடி, அப்புறம் திடீர்னு கவ்வும். கியாய்க்தன்லன் பகோடா மலையிலேர்ந்து இறங்குற ரோட்ல அந்த ஒரு நொடி இருக்கே, அது வேணவே வேணாம். போதாததுக்கு கீச்சுனு சத்தம், தெருவுல நுழையறப்பவே வீட்ல டீ போட ஆரம்பிச்சிடுவாங்க.

நிஸ்ஸின் பேட் நல்லா இருக்கு. நம்ம காலிபர் மேலயே, அதான் பேட்டை வெச்சு டிஸ்க்கைக் கவ்வுற பாகம், நிஸ்ஸின்னு அச்சு இருக்கும் பாருங்க, அவங்க ஹோண்டாவுக்கு ரொம்ப காலமா பிரேக் செஞ்சு குடுக்குற கம்பெனி, 2021-ல ஷோவா, கெய்ஹின் கூட சேர்ந்து ஹிட்டாச்சி ஆஸ்டெமோன்னு ஆயிட்டாங்க, ஆனா டப்பால பழைய பேர் இன்னும் வருது. இதோட பெரிய குணம் லிவர்ல கை வெச்சா எவ்வளவு பிடிச்சமோ அவ்வளவு நிக்கும், கூடவும் இல்ல குறையவும் இல்ல. மழையில கொஞ்சம் குறையுது, அது எல்லா பேட்லயும் குறையும், டிஸ்க் மேல தண்ணி படலமா நிக்கிறதால முதல் சுத்துல அதைத் துடைச்சிட்டுத்தான் பிடிக்கும். ஹோண்டா டப்பா பேட்டுக்கும் இதுக்கும் ஓட்டுறப்போ எனக்கு வித்தியாசம் தெரியல, விலையில மட்டும் தெரிஞ்சது, அதனால நான் நிஸ்ஸின் பக்கம். சிண்டர்டுன்னு ஒரு வகை பேட் இருக்கு, உலோகத் தூளை சூட்டுல அழுத்தி செய்யறது, ஈரத்துல இன்னும் நல்லா பிடிக்கும்தான், ஆனா டிஸ்க்கை சீக்கிரம் தின்னுடும், 125-க்கு அது தேவையே இல்லங்குறது என் கட்சி.

புதுசா போட்ட உடனே பிடிக்கலன்னு கம்ப்ளைன்ட் பண்ணாதீங்க. புது பேட்டும் பழைய டிஸ்க்கும் ஒண்ணோட ஒண்ணு தேய்ஞ்சு படியறதுக்கு நேரம் வேணும், காலி ரோட்ல நாப்பதுல போய் மெதுவா பத்துக்குக் கொண்டு வாங்க, முழுசா நிறுத்தாம, கொஞ்சம் ஆற விட்டு மறுபடி, இப்படி நிறைய தடவை. முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்கு முன்னாடி போற பஸ் பின்னாடி ஒட்டிக்கிட்டு போகாதீங்க.

இப்போ சொல்றதுதான் இந்த ரிவ்யூவே எழுத காரணம். எவ்வளவு நல்ல பேட் வாங்கினாலும் காலிபர் நகரலன்னா அந்தக் காசு தண்ணில போட்ட மாதிரிதான். நம்ம வண்டில இருக்கிறது மிதக்குற காலிபர், பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும்தான், அது உள் பேட்டைத் தள்ளும், தள்ளுன வேகத்துல மொத்த காலிபரும் ரெண்டு பின் மேல வழுக்கி வந்து வெளி பேட்டையும் இழுத்து டிஸ்க் மேல அமுக்கும். அந்தப் பின் துரு பிடிச்சு இறுகிடுச்சுன்னா காலிபர் வழுக்காது, ஒரு பேட்தான் வேலை செய்யும், இன்னொண்ணு சும்மா வேடிக்கை பார்க்கும். பழைய பேட்டைக் கழட்டுனதும் ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, ஒண்ணு தகடு தெரியுற அளவுக்குத் தேய்ஞ்சு இன்னொண்ணு பாதி மிச்சம் இருந்தா குத்தம் பேட் மேல இல்ல, பின் மேல. மோல்மீன்ல வருஷத்துக்கு நாலாயிரம் மில்லிமீட்டருக்கு மேல மழை, காய்ஞ்ச மாசத்துல செம்மண் தூசி, லீவுக்கு செட்சே பீச் போனா உப்புக்காத்து, இதுக்கு மேல ஒரு இரும்புக் கம்பிக்கு என்ன கொடுமை வேணும் சொல்லுங்க.

அதனால பேட் வாங்குறப்போ கூடவே ஒரு சின்ன ட்யூப் சிலிக்கான் கிரீஸ் வாங்கிடுங்க, பிரேக்குக்குன்னு எழுதி இருக்கும். என் லிஸ்ட்ல ஐஞ்சுக்கு ஐஞ்சு மார்க் வாங்குறது இந்த ட்யூப்தான், பேட் இல்ல. வீட்ல செயினுக்குப் போடுற சாதா கிரீஸ் இருக்கேன்னு அதைத் தடவாதீங்க, பின்னை மூடியிருக்கிற ரப்பர் பூட் அந்த எண்ணெயில ஊறி உப்பிடும், அப்புறம் பின் முன்னைவிட இறுகும். பின்னை உருவி, பழசைத் துணியால துடைச்சு, துரு இருந்தா நைஸ் உப்புத்தாள்ல லேசா தேய்ச்சு, மெலிசா தடவி, ரப்பர் கிழிஞ்சிருந்தா அதையும் மாத்தி, கையால முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்க, வெண்ணெய் மாதிரி போகணும். பேட்லயோ டிஸ்க்லயோ கிரீஸ் ஒரு சொட்டு பட்டாலும் அந்த பேட் கதை முடிஞ்சது, கழுவினாலும் முழுசா போகாது.

கழட்டுற வரிசை: காலிபர் வண்டில பூட்டி இருக்கும்போதே பேட் பின்னை, அதாவது பேட்டைப் பிடிச்சு வெச்சிருக்கிற பின், வழுக்குற பின் இல்ல, எல் கீயால லேசா லூஸ் பண்ணிடுங்க, காலிபரைக் கழட்டி கையில வெச்சுக்கிட்டு அதைத் திருப்ப முடியாது. கழட்டின காலிபரை ஹோஸ்ல தொங்க விடாதீங்க, ஒரு கயிறு கட்டி ஃபோர்க்ல மாட்டுங்க. பிஸ்டனை உள்ள தள்ளுறதுக்கு முன்னாடி அதைச் சுத்தித் துடைங்க, அழுக்கோட தள்ளினா சீல் போயிடும், தள்ளுறப்போ மேல ஆயில் டப்பால மட்டம் ஏறும், நிறைஞ்சு வழிஞ்சா பெயின்ட் உரிஞ்சிடும், உடனே தண்ணி ஊத்தி கழுவணும். டிஸ்க்ல ஓரமா மினிமம் எவ்வளவுன்னு மில்லிமீட்டர்ல பொறிச்சிருக்கும், அதுக்குக் கீழ தேய்ஞ்சிருந்தா புது பேட் போட்டு பிரயோஜனம் இல்ல, டிஸ்க்கே மாத்தணும். எல்லாம் பூட்டினதும் வண்டிய எடுக்காம லிவரைப் பம்ப் பண்ணுங்க, முதல் நாலஞ்சு அமுக்குக்கு லிவர் ஹேண்டில் வரைக்கும் சும்மா போகும், அப்புறம்தான் இறுகும். இதை மறந்துட்டு கிளப்பினா வாசல்லயே விழ வேண்டியதுதான்.

பிரேக் ஆயில் பத்தி ஒரு பயலும் பேசறதில்ல. டாட் 3, டாட் 4-னு டப்பால போட்டிருக்கிற ரகம் எல்லாம் காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சுற சரக்கு, மூடி போட்டு வெச்சாலும் ஹோஸ் வழியா கூட கொஞ்சம் கொஞ்சமா ஈரம் ஏறும். புது டாட் 4 குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாதுன்னு கணக்கு, ஈரம் ஏறின பிறகு அதே ஆயிலுக்கு 155 டிகிரிதான் கணக்கு. டாட் 3-க்கு அது 205-ம் 140-ம். கொதிச்சா உள்ள நீராவி குமிழி, குமிழி அமுங்கும், லிவர் பஞ்சு மாதிரி ஆயிடும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்ங்குறது ஹோண்டா சொல்றது, நம்ம ஊர் ஈரத்துக்கு நான் ஒவ்வொரு மழைக்காலம் முடிஞ்சதும் மாத்திடுவேன். டப்பா சின்னதா வாங்குங்க, திறந்து பாதி மிச்சம் வெச்ச டப்பாவை அடுத்த வருஷம் ஊத்தாதீங்க. கடையில பெரிய டின்லேர்ந்து தண்ணி பாட்டில்ல ஊத்திக் குடுக்குற ஆயில் எவ்வளவு மலிவா இருந்தாலும் வேணாம், அது எப்போ திறந்ததோ யாருக்குத் தெரியும். டாட் 5-னு ஒண்ணு இருக்கு, அது சிலிக்கான், நம்ம சிஸ்டத்துல கலக்கவே கூடாது, 5.1 வேற, அது கலக்கலாம், நம்பரைப் பார்த்து ஏமாறாதீங்க.

மாத்துறது கஷ்டமில்ல. காலிபர்ல ஆயிலை வெளிய விடுற பிளீட் நட்ல ஒரு டியூப் மாட்டி, மறுமுனைய கொஞ்சம் ஆயில் ஊத்தின பாட்டில்ல முக்கி, லிவரைப் பிடிச்சு அப்படியே வெச்சிருக்கச் சொல்லி நட்டைத் திறந்து மூடணும், மூடின பிறகுதான் லிவரை விடணும், முன்னாடியே விட்டா காத்தை இழுத்துக்கும். என் தங்கச்சி பையன்தான் லிவர் பிடிப்பான், "மாமா விடவா விடவா"ன்னு உயிரை எடுப்பான். மேல டப்பா காலியாகாம பார்த்துக்கணும், டீ கலர்ல வந்தது தெளிவா வர்ற வரைக்கும் பண்ணுங்க.

பின்னாடி டிரம் பிரேக். இங்கதான் மலிவு சரக்கு என்னை ரொம்பக் கடுப்பேத்துச்சு. பாதி விலை பிரேக் கட்டை ஒரு செட் போட்டு ஓட்டிக்கிட்டிருந்தேன், திஞ்சான் தண்ணித் திருவிழா முடிஞ்சு கழட்டிப் பார்த்தா கட்டை மேல ஒட்டியிருக்கிற லைனிங் ஒரு ஓரத்துல தகட்டை விட்டு எழும்பி நிக்குது. பசை சரியில்ல. அது முழுசா உரிஞ்சு டிரம்முக்குள்ள மாட்டிக்கிட்டா வீல் அப்படியே பூட்டிக்கும். திஞ்சான்ல நாலு நாள் பக்கெட் பக்கெட்டா தண்ணி அடிக்கிறாங்க, டிரம்முக்குள்ள போகாம இருக்குமா? தண்ணி போனா பெடல் மிதிச்சாலும் வழுக்கும், லேசா மிதிச்சபடி கொஞ்ச தூரம் ஓட்டினா சூட்டுல காயும். அதனால பின் கட்டை மட்டும் ஹோண்டா டப்பாவேதான், பேரம் பேசுங்க, பிராண்டை மாத்தாதீங்க.

டிரம்மைத் திறந்ததும் அந்தக் கருப்புத் தூளை வாயால ஊதாதீங்க, கம்ப்ரசர் காத்தும் அடிக்காதீங்க. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கு, பேர் இல்லாத டப்பால என்ன கலக்குறாங்கன்னு சொல்ல முடியாது, ஈரத் துணியால துடைச்சு அந்தத் துணியத் தூக்கிப் போடுங்க. கட்டையை விரிக்கிற கேம்ல ஒரு துளி கிரீஸ் போதும். பெடல் விளையாட்டு 20-லேர்ந்து 30 மில்லிமீட்டர் வர்ற மாதிரி ராடு நட்டை வையுங்க, பிரேக் மிதிச்சபடி பார்த்தா ஆர்ம்ல ஒரு அம்புக்குறி இருக்கும், அது தட்டுல இருக்குற கோட்டைத் தொட்டுடுச்சுன்னா நட்டைத் திருகிக்கிட்டே இருக்காதீங்க, கட்டை முடிஞ்சது. நிறைய பேர் முன் பிரேக் பிடிச்சா கவுந்துடும்னு பயந்து பின் பெடலையே மிதிச்சு மிதிச்சு அதைத் தேய்ச்சிடுறாங்க, பிரேக் போட்டா வண்டியோட பாரம் முன்னாடி வருது, நிறுத்துற வேலை பெரும்பாலும் முன் சக்கரத்துக்குத்தான்.

சயாகிட்ட விடலாமான்னா, பேட் மாத்துறதுக்கு தாராளமா விடலாம், கூலி கம்மி, கை வேகம். ஆனா நான் பார்த்த வரைக்கும் பின்னை யாரும் தொடறதில்ல, கேட்டாத்தான் செய்வாங்க. கிரீஸ் ட்யூப்பைக் கையில கொண்டு போய்க் குடுத்து, பின்னையும் உருவித் தடவுங்க சயான்னு சொல்லிட்டு பக்கத்துல நின்னு பாருங்க. கையில இருக்குற காசு ஒண்ணுக்குத்தான் பத்தும்னா பேட் இன்னும் ரெண்டு மில்லிமீட்டர் இருக்கிற வண்டிக்கு முதல்ல ஆயிலும் கிரீஸும் வாங்குங்க, பேட் அடுத்த மாசம். கடைக்குப் போறப்போ பழைய பேட்டைத் துணில சுத்தி எடுத்துட்டுப் போங்க, 110-க்கும் 125-க்கும் டப்பா ஒரே மாதிரி இருக்கும், பேட் தகட்டோட காது மாறும், வெயில்ல திரும்ப நடக்க வெச்சிடுவாங்க.