சோப்பா, வேட்டைப்பேனா, மருந்தா? அறைக்குள் சிலந்திப்பேன் பிடித்தால்

மிளகாய்ச் செடியின் அடி இலை ஒன்றைத் திருப்பி, 10 மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். நடு நரம்பை ஒட்டி ஏதோ மெதுவாக நகரும். வெளிர் மஞ்சள் உடம்பு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கரும்புள்ளி, அரை மில்லிமீட்டர்தான் மொத்த நீளம். பக்கத்தில் கண்ணாடி மணி போல உருண்டை முட்டைகள். அங்கங்கே உரித்துப் போட்ட வெள்ளைத் தோல்கள். இலையின் மேற்புறத்தில் ஊசியால் குத்தியது போல வெளிறிய புள்ளிகள். தூசி என்று நினைத்து இரண்டு வாரம் நான் கண்டுகொள்ளாமல் விட்டது இதைத்தான்.

இருபுள்ளிச் சிலந்திப்பேன், அறிவியல் பெயர் டெட்ரானிகஸ் உர்டிகே. எட்டுக் கால். பூச்சி இல்லை, சிலந்திக்குச் சொந்தம். இது தெரியாததால் பலர் முதல் படியிலேயே சறுக்குகிறார்கள். அசுவினிக்கு வாங்கி வைத்த இமிடாகுளோபிரிட் மருந்தை எடுத்து ஊற்றுவார்கள். அது பேனைக் கொல்லாது. போதாக்குறைக்கு, அந்த மருந்து போட்ட செடிகளில் பேன் முன்பைவிட அதிகமாகப் பெருகியதைப் பல பயிர்களில் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். பைரித்ராய்டு வகை ஸ்ப்ரேக்களும் அப்படித்தான்: பேனைத் தின்ன வந்த நல்ல உயிர்களைத் துடைத்துவிட்டு, பேனுக்கு வழிவிட்டுப் போகும்.

வழிகளை ஒப்பிடும் முன் ஒரு கணக்கு. 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் முட்டை வளர்ந்து தாயாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். 20 டிகிரியில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். அறைக்குள் விளக்கு வைத்துச் செடி வளர்க்கும் துணிக் கூடாரம் சூடாகவும் வறண்டும் இருந்தால் முட்டை மூன்று நான்கு நாளில் பொரிந்துவிடும். ஒரு பெண் பேன் தன் வாழ்நாளில் நூறு முட்டை வரை இடும். ஆணோடு சேராத பெண்ணும் முட்டையிடும். அதில் ஆண் குஞ்சுகள் மட்டும் வரும், பிறகு அந்த ஆண்களோடே தாய் இணை சேரும். சட்டையில் ஒட்டி வந்த ஒற்றைப் பேன் ஓர் அறையை நிரப்ப முடிவது இப்படித்தான்.

அதனால் 'எது வேகமாகக் கொல்லும்' என்ற கேள்வியை நான் விட்டுவிட்டேன். எந்த வழியானாலும் மூன்று விஷயம் பார்க்கிறேன். முட்டையை என்ன செய்கிறது? எத்தனை முறை திரும்பச் செய்ய வேண்டும்? இன்று இதைச் செய்தால் நாளை வேறு வழிக்குப் போக முடியுமா? மூன்றாவதைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

சோப்பும் எண்ணெயும்

இரண்டையும் ஒன்றாகப் பேசுவது வழக்கம். வேலை வேறு. பூச்சிக்கொல்லிச் சோப்பு என்று விற்பது கொழுப்பு அமிலங்களின் பொட்டாசியம் உப்பு. ஈரமாக இருக்கும்வரை பேனைக் கொல்லும். காய்ந்துவிட்டால் அது வெறும் கழுவிய இலை. முட்டை பெரும்பாலும் தப்பிவிடும். கடினத் தண்ணீரில் கலந்தால் திரிந்துபோய் வேலைக்கு ஆகாது, காய்ச்சி வடித்த தண்ணீர் நல்லது. பாத்திரம் தேய்க்கும் திரவம் சோப்பு அல்ல, டிடர்ஜென்ட். இலையின் மெழுகுப் படலத்தை அரித்துவிடும். 'எல்லாம் நுரைதானே' என்று சொல்லி இளஞ்செடிகளைக் கருக்கியவர்கள் உண்டு.

எண்ணெய் முட்டையையும் மூடி மூச்சுத் திணற வைக்கும். சோப்பைவிட எண்ணெய்க்கு ஒரு படி மேலே இடம் தருவது இதற்காகத்தான். தோட்டக்கலை எண்ணெய் என்றால் லிட்டருக்கு 10 மில்லி சுற்றி, வேப்பெண்ணெய் என்றால் 5 மில்லியும் கலக்கக் கொஞ்சம் சோப்பும். ஆனால் எண்ணெய் இலையைச் சுடும். விளக்கு எரியும்போதும், அறை 30 டிகிரியைத் தாண்டி இருக்கும்போதும் தெளிக்கக் கூடாது; விளக்கு அணைந்த பிறகு தெளித்து, மின்விசிறி வைத்துக் காயவிட வேண்டும். கந்தகம் போட்ட செடியில் சில வாரம் எண்ணெயே கூடாது, இரண்டும் சேர்ந்தால் இலை கருகும். பூ வந்த செடியிலும் வேண்டாம்.

'வேப்பெண்ணெய் அடித்தேன், கேட்கவில்லை' என்ற புலம்பல் அடிக்கடி வரும். கேட்டுப் பார்த்தால் செடியின் தலைமேல் தெளித்திருப்பார்கள். பேன் வாழ்வது இலையின் அடியில். தெளிப்பான் முனையை மேல்நோக்கித் திருப்பி, கீழிருந்து தெளித்து, ஒவ்வொரு இலையின் அடிப்பக்கமும் சொட்டும்வரை நனைக்க வேண்டும். நான்கைந்து செடிக்கு அரை மணி நேரம் பிடிக்கும். நாற்பது செடி இருந்தால் இந்த வழி உங்களுக்கு இல்லை என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் தவறியது வேறு இடத்தில். நான்கு நாளுக்கு ஒருமுறை என இரண்டு முறை தெளித்தேன். இலை பளிச்சென்று ஆனது, லென்ஸில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது தெளிப்பு நாளில் வெளியூர் போய்விட்டேன். சுத்தமாகத்தானே இருக்கிறது என்ற நினைப்பு. பதினோரு நாள் கழித்துக் கூடாரத்தின் ஜிப்பைத் திறந்தபோது, உச்சிக் கிளைகளுக்கு நடுவே நூல் கட்டி அதன்மேல் பேன்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தன. முதல் இரண்டு தெளிப்பும் முழுக்க வீண். நான்கு முறை விடாமல் தெளிக்க முடியாதவர் இந்த வழியில் இறங்காமல் இருப்பதே மேல்.

இதற்கு ஒரு கைவசத் துணை உண்டு. அறை வெப்பத்தை 28லிருந்து 21, 22க்கு இறக்கினால் பேனின் காலண்டர் மெதுவாகும், நமக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். குளியலறைக்கு எடுத்துப் போய் இலையடியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதும் சாதாரண உதவி இல்லை. முதல் தெளிப்புக்கு முன் அதைச் செய்தால் பாதி வேலை அங்கேயே முடிகிறது. ஈரப்பதத்தை மட்டும் ஏற்றிப் பேனை விரட்டலாம் என்பதை நான் நம்புவதில்லை. வேகம் குறையும், அவ்வளவுதான். பூக்கும் நேரத்தில் பூஞ்சை வந்துவிடும்.

வேட்டைப்பேன்கள்: இரண்டு பேர், இரண்டு குணம்

பேனைத் தின்னும் பேன்களை விலைக்கு வாங்கலாம். முதலாவது ஃபைட்டோசியூலஸ் பெர்சிமிலிஸ். 1958இல் சிலியிலிருந்து ஜெர்மனிக்குப் போன ஆர்க்கிட் செடிகளில் தற்செயலாக ஒட்டிக்கொண்டு வந்து, பசுமைக்குடில் விவசாயத்தின் போக்கையே மாற்றிய ஜீவன். ஆரஞ்சுச் சிவப்பு, பேரிக்காய் வடிவம், நிற்காத ஓட்டம். ஒரு நாளைக்கு ஐந்து வளர்ந்த பேன், அல்லது இருபது முட்டை வரை காலி செய்யும். எதிரியைவிட வேகமாகப் பெருகும். நூலுக்குள்ளும் நுழைந்து போகும். முட்டையைத் தேடித் தின்னும் வழி என்பதால் என் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

ஆனால் அது சிலந்திப்பேனைத் தவிர வேறொன்றும் தொடாது. இரை தீர்ந்தால் பட்டினி கிடந்து சாகும், அல்லது கிளம்பிப் போய்விடும். 60 சதவீதத்துக்குக் கீழே ஈரப்பதம் போனால் அதன் முட்டைகள் சுருங்கிப் பொரியாமல் போகின்றன. 30 டிகிரிக்கு மேல் சுணங்கும். விளக்கின் அடியில் 40 சதவீத ஈரப்பதத்தில் இருக்கும் கூடாரத்துக்குள் இதை விடுவது, மீனை மணலில் விடுவது போல.

இரண்டாமவர் நியோசியூலஸ் கலிஃபோர்னிகஸ். சாப்பாட்டில் வேகம் குறைவு. வெப்பம், வறட்சி இரண்டையும் தாங்கும். பேன் கிடைக்காத நாளில் மகரந்தத்தைத் தின்று காத்திருக்கும். பிடித்துக்கொண்டு எரியும் வீட்டுக்கு பெர்சிமிலிஸ், காவலுக்கு கலிஃபோர்னிகஸ் என்று வைத்துக்கொள்ளலாம். வறண்ட அறை என்றால் நான் கலிஃபோர்னிகஸையே எடுப்பேன், அதுவும் பேன் கொஞ்சமாக இருக்கும்போதே. நூல் கட்டிய பிறகு அதை மட்டும் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் செடி காத்திருக்காது.

தக்காளி வளர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தக்காளித் தண்டில் இருக்கும் பிசுபிசுத்த ரோமத்தில் வேட்டைப்பேன் மாட்டிக்கொள்ளும். வெள்ளரி, மிளகாய், ஸ்ட்ராபெரியில் வேலை செய்யும் அதே எண்ணிக்கை அங்கே போதாது.

புட்டி வந்ததும் கொஞ்சத்தை வெள்ளைத் தாளில் கொட்டி ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடவில்லை என்றால் அன்றைக்கே விற்றவரிடம் பேசுங்கள். ஓடினால் அன்றே செடியில் தூவிவிடுங்கள், எடுத்து வைத்துப் பிறகு பார்க்கலாம் என்பது ஆகாது.

மருந்து

மருந்தே தொடமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. கிளை வெட்டிப் புதுச் செடி எடுக்க வைத்திருக்கும் தாய்ச்செடி, அலங்காரச் செடி, வாயில் வைக்கப்போகாத எதுவானாலும் பேன்கொல்லிக்கு இடம் உண்டு. ஆனால் ஒரு புட்டி வாங்கி அதையே திரும்பத் திரும்ப அடிப்பவர் பேனுக்குப் பயிற்சி கொடுக்கிறார். 90க்கும் மேற்பட்ட மருந்துப் பொருட்களுக்கு இந்த இனம் ஏதோ ஓரிடத்தில் எதிர்ப்பு காட்டியிருக்கிறது. 2011இல் இதன் மரபணுத் தொகுப்பை வெளியிட்டபோது, நஞ்சைச் செரிக்கும் மரபணுக்கள் வழக்கத்தைவிட அதிகம் இருப்பதும் தெரிந்தது. நூற்றுக்கணக்கான தாவரங்களின் நஞ்சைச் சமாளித்துப் பழகிய வயிறு அது.

அபமெக்டின் இலைக்குள் ஊடுருவும். மேலே பட்டது அடியில் உறிஞ்சும் பேனையும் எட்டும். மண் பாக்டீரியாவில் பிறந்த அவெர்மெக்டின் குடும்பம், அதைக் கண்டெடுத்தவர்களுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. முட்டையில் அதற்குப் பெரிய பலம் இல்லை. ஹெக்ஸிதியாசாக்ஸ், எட்டோக்சசோல் நேர் எதிர்: முட்டையையும் குஞ்சையும் அடிக்கும், வளர்ந்தது சாகாது. எட்டோக்சசோல் பட்ட தாய் இடும் முட்டைகள் பொரியாது என்பது கூடுதல் லாபம். ஸ்பைரோமெசிஃபென் கொழுப்பு உருவாவதைத் தடுக்கிறது, நிதானமாக வேலை செய்யும். பைஃபெனசேட் வளர்ந்ததை வேகமாகச் சாய்க்கும். ஆக ஒரே மருந்து என்பதைவிட, முட்டைக்கு ஒன்று, வளர்ந்ததற்கு வேறு குழுவிலிருந்து ஒன்று என்று மாற்றி அடிப்பதுதான் சரி. வேறு வேறு வணிகப் பெயர் என்பது வேறு வேறு குழு ஆகாது. மருந்து எந்த வழியில் கொல்கிறது என்பதைக் காட்டும் செயல்முறைக் குழு எண்ணை லேபிளில் பாருங்கள்.

மூடிய அறையில் தெளிப்பது திறந்த தோட்டத்தில் தெளிப்பது போல அல்ல. மருந்து அங்கேயே சுற்றும், மூச்சில் போகும். பறித்துத் தின்னும் கீரை, துளசி, ஸ்ட்ராபெரியில் அந்தப் பயிரின் பெயரும் அறுவடைக்கு முன் விட வேண்டிய நாட்களும் லேபிளில் இல்லாத எதையும் நான் அடிக்க மாட்டேன்.

மூன்றாவது கேள்வியிலும் மருந்து தோற்கிறது. அபமெக்டின் தங்கிய இலையில் வேட்டைப்பேன் பிழைக்காது. கந்தக ஆவியும் அதற்குத் தொல்லைதான். சோப்பு காய்ந்தால் யாருக்கும் தீங்கில்லை. எனவே சோப்பில் ஆரம்பித்து வேட்டைப்பேனுக்குப் போகலாம், அங்கிருந்து மருந்துக்கும் போகலாம். மருந்தில் ஆரம்பித்தவருக்கு மற்ற கதவுகள் சில வாரம் பூட்டியே கிடக்கும்.

புற ஊதா விளக்கு பற்றியும் கேட்கிறார்கள். ஜப்பானில் ஸ்ட்ராபெரிக் குடில்களில் யுவி-பி விளக்கை இரவில் எரியவிட்டு, தரையில் பிரதிபலிக்கும் விரிப்பு போட்டு இலையடிக்கு வெளிச்சத்தைத் திருப்புகிறார்கள். பகலில் எரித்தால் பலன் குறையும், சாதாரண வெளிச்சத்தில் பேன் அந்தச் சேதத்தைச் சரிசெய்துகொள்ளும். கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்தான சமாச்சாரம். வீட்டு அறையில் இதை முதல் வழியாக யாருக்கும் சொல்ல மாட்டேன்.

தூக்கிப் போடுவது

யாருக்கும் பிடிக்காத வழி, பல நேரம் மிக மலிவான வழி. நூல் கட்டிய செடி, இன்னும் மூன்று வாரத்தில் எப்படியும் முடியப்போகும் செடி, திரும்ப விதைத்தால் வந்துவிடும் செடி இவற்றைக் காப்பாற்ற ஒரு மாதம் செலவழிப்பதில் அர்த்தம் இல்லை. அறைக்குள்ளேயே பையைத் தலைகீழாக மாட்டி, வாயைக் கட்டி, அப்புறம் வெட்டி எடுங்கள். கையில் பிடித்தபடி வீடு முழுக்க நடந்தால் வழியெல்லாம் உதிர்த்துக்கொண்டே போவீர்கள். சுவர், ஜிப் மடிப்பு, தொட்டி விளிம்பு எல்லாம் துடைத்து இரண்டு மூன்று வாரம் காலியாக விடவும், சூடாகவே. ஒளி நேரம் குறைந்து குளிர்ந்தால் பெண் பேன்கள் ஆரஞ்சாக நிறம் மாறி, தின்னாமல் விரிசலுக்குள் ஒடுங்கிக் காத்திருக்கும். குளிர்ந்த காலி அறை அவற்றுக்குத் தூங்குமிடம். சன்னலோரப் பூந்தொட்டியையும் பாருங்கள், திரும்பி வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

நான் இப்போது செய்வது இது. ஐந்தாறு செடி, புள்ளி மட்டும் தெரிகிறது என்றால் கழுவி, எண்ணெய், நான்கு நாளுக்கு ஒருமுறை நான்கு தடவை, கைபேசியில் அலாரம். செடி நிறைய, மாதக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் இரண்டு சோப்புத் தெளிப்பு, காய்ந்தபின் வேட்டைப்பேன். இழக்க முடியாத ஒரு தாய்ச்செடி என்றால் அதைத் தனியே பிரித்து, குழு மாற்றி இரண்டு மருந்து. நூல் கட்டிவிட்டதா, பை. புதுச் செடி எதுவானாலும் மூன்று வாரம் வேறு அறையில்.

வாரம் ஒருமுறை வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டுகிறேன். நேற்று தட்டியதில் இரண்டு புள்ளி விழுந்தது. ஒன்று அசையவே நேரம் எடுத்தது. மற்றது ஆரஞ்சு நிறம், தாளின் விளிம்பைத் தாண்டி என் கட்டைவிரலில் ஏறிவிட்டது. அதை மெதுவாக அதே இலையில் திரும்ப விட்டேன்.