நடமாடும் கோளரங்கம், நாகர்கோவில்: உயிர் வாழத் தகுந்த கோள்களைப் பற்றிய காட்சி

காற்றடைத்த கூடாரத்துக்குள் நடத்தப்படும் இந்தக் காட்சி, கடினமான பொருளைப் பெரும்பாலும் பிழையின்றிச் சொல்கிறது. விண்மீனிலிருந்து தகுந்த தொலைவில் அமைவது மட்டுமே ஒரு கோளுக்குப் போதாது என்பதை உணர்த்த, அடர்ந்த கரியமில வாயுவால் ஏறத்தாழ 465 டிகிரி செல்சியசில் தகிக்கும் வெள்ளியையும், வளிமண்டலத்தின் பெரும்பகுதியை விண்வெளிக்குப் பறிகொடுத்த செவ்வாயையும் அருகருகே நிறுத்தியிருப்பது நல்ல உத்தி. சனியின் துணைக்கோளான என்செலடசிலிருந்து நீர் பீறிடுவதை 2005இல் காசினி விண்கலம் கண்டறிந்த பகுதியே உச்சம். சூரிய வெப்பம் எட்டாத இடத்திலும், சனியின் ஈர்ப்பு அந்தச் சிறு உலகைப் பிசைவதால் எழும் வெப்பம் பனிக்கடியில் கடலை உறையாமல் காப்பதைச் சிறுவர்களும் புரிந்துகொண்டனர்.

குறை, பூமியின் உள்வெப்பத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாதது. தோரியம், யுரேனியம் போன்றவற்றின் கதிரியக்கச் சிதைவும் சேர்ந்து தரும் அவ்வெப்பமே நிலத்தட்டுகளை நகர்த்தி, எரிமலைகளின் வழியே கரியமில வாயுவை மீண்டும் காற்றுக்கு அனுப்பி, நெடுங்காலத் தட்பவெப்பத்தைச் சீராக்குகிறது. தோரியம் கலந்த மோனசைட் மணல் மணவாளக்குறிச்சியிலேயே கிடக்க, இம்மாவட்டத்துப் பார்வையாளர்களுக்கு அதைச் சுட்டாமல் விட்டது வியப்பே.

டிராப்பிஸ்ட்-1 என்னும் விண்மீனைச் சுற்றும் ஏழு கோள்களும் அவசரமாகக் கடந்து போகின்றன. பிற்பகலில் கூடாரம் புழுங்குவதால், முதியோருடன் செல்பவர்கள் காலைக் காட்சியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.