அசல் பெயின்ட்டோடு இருக்கும் பழைய காரை பாலிஷுக்கு விடப்போகிறவர்களுக்கு

கிளாசிக் கார்களுக்கென்றே பாலிஷும் வேக்ஸும் செய்கிறோம் என்று விளம்பரம் செய்யும் ஒரு கடையில் என் காரை விட்டேன். திரும்ப வாங்கிய அன்று கண்ணைப் பறிக்கிற பளபளப்பு. கழுவக் கழுவ அது கரைந்து போனது. அது போன பிறகுதான், அரை நூற்றாண்டுக்கு மேல் வெயிலையும் மழையையும் தாங்கி நின்ற தொழிற்சாலைப் பெயின்ட்டில் ஒரு பகுதியும் காணாமல் போயிருப்பது தெரிந்தது. கடையின் பெயரை எழுதப்போவதில்லை. இதே வேலையை இதே முறையில் செய்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். பெயரைவிட முறையைத் தெரிந்துகொள்வதுதான் உங்கள் காரைக் காப்பாற்றும்.

கார் 1960களில் வந்தது. அடர்சிவப்பு. கூரையிலும் பானட்டிலும் வெயில் தின்று வெளுத்துப்போய், விரலால் தடவினால் சுண்ணாம்பு போல ஒட்டும். மற்றபடி பெயின்ட் முழுசாக இருந்தது. எங்கேயும் உரியவில்லை, துரு இல்லை, பட்டி பார்த்த இடம் இல்லை. இப்படிப்பட்ட கார்களில் இருப்பது ஒற்றை அடுக்குப் பெயின்ட். நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில். இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே நிறமில்லாத கிளியர் கோட் ஒன்று இருக்கும். 1980களில்தான் அது பரவலானது. கிளியர் கோட் உள்ள காரை பாலிஷ் போட்டால் தேய்வது அந்தக் கண்ணாடிப் பூச்சு. ஒற்றை அடுக்கில் தேய்வது நிறமேதான். அதற்குக் கீழே பிரைமர் என்ற அடிப்பூச்சு, பிரைமருக்குக் கீழே தகடு. நடுவில் வேறொன்றும் கிடையாது.

இதையெல்லாம் காரை விடும்போதே சொன்னேன். கிளியர் கோட் இல்லை, அசல் பெயின்ட், ஓரங்களிலும் மடிப்புகளிலும் மெஷின் வைக்க வேண்டாம், ஏதாவது சந்தேகம் என்றால் கூப்பிடுங்கள் என்று. வேலைச் சீட்டிலும் எழுதச் சொன்னேன், எழுதினார்கள். "நாங்க பாத்துக்கறோம் சார், இந்த மாதிரி வண்டி நிறைய பண்ணியிருக்கோம்" என்றார் கடைக்காரர். ஆனால் அவர் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. லேக்கரா எனாமலா, எப்போதாவது மறுபெயின்ட் அடித்ததா, இதற்கு முன் என்ன வேக்ஸ் போட்டது, எதுவும் இல்லை. எந்தக் கடையிலும் இந்த மௌனத்தைக் கண்டால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

லேக்கரா எனாமலா என்பது சும்மா விவரத்துக்காகக் கேட்கும் கேள்வி இல்லை. 1920களில் டியூபான்ட் நிறுவனத்தின் டூகோ வந்ததிலிருந்து நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் பல கார்களில் அடிக்கப்பட்டது. பின்னாளில் அக்ரிலிக் லேக்கர் வந்தது. லேக்கர் காய்வது அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போவதால் மட்டும்தான். எத்தனை ஆண்டு ஆனாலும் தின்னர் பட்டால் மறுபடி கரையும். எனாமல் அப்படியில்லை, காயும்போதே வேதிவினையில் இறுகிவிடும். ஆகவே, எனாமலில் ஒன்றும் செய்யாத ஒரு துடைப்புத் திரவம் லேக்கரைக் குழைத்துவிடலாம். பாலிஷ் போட்ட பிறகு எண்ணெய்ப் பசையை எடுக்க ஆல்கஹால் கலந்து துடைப்பது இன்றைய கார்களில் வழக்கம். பழைய லேக்கரில் அதைக் கேள்வி கேட்காமல் செய்யக் கூடாது. எந்தப் பெயின்ட் என்று தெரியாமல் பாட்டிலைத் திறப்பவர் நம் காரை வைத்துப் பரீட்சை பார்க்கிறார், அவ்வளவுதான்.

சரி, அவர்கள் என்ன செய்தார்கள் என்பது எனக்கு எப்படித் தெரிந்தது? அவர்களே காட்டினார்கள். தங்கள் விளம்பரத்துக்காக என் காரில் வேலை செய்வதை வீடியோ எடுத்துப் போட்டிருந்தார்கள். அதில் சுழலும் ரோட்டரி மெஷின், கம்பளி பேட், கெட்டியான காம்பவுண்ட் (கரடான துகள் கலந்த தேய்ப்புப் பசை). பேட் முழுக்க ரத்தச் சிவப்பு. ஒற்றை அடுக்குப் பெயின்ட்டில் துணியில் கொஞ்சம் நிறம் ஏறுவது இயல்பு. செத்துப்போன மேல்தோல் வருகிறது என்று அர்த்தம். ஆனால் ஒரு பேட் அப்படி நனைந்து சிவந்திருப்பதைப் பார்த்த பிறகும் ஒருவர் நிறுத்தாமல் பானட்டின் ஓரம் வரை மெஷினை ஓட்டிக்கொண்டு போகிறார். மடிப்பும் ஓரமும்தான் பெயின்ட் எப்போதும் மெல்லியதாக இருக்கும் இடம். அழுத்தமும் சூடும் அங்கேதான் குவியும். வேலைச் சீட்டில் எழுதியிருந்ததை மெஷின் பிடித்தவரிடம் யாரும் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது.

காரை ஒப்படைத்த அன்று இது எதுவும் தெரியவில்லை. கூரை முழுக்க டியூப் லைட் போட்ட கொட்டகைக்குள் காட்டினார்கள். பரவலாக விழும் வெளிச்சத்தில் கீறல் தெரியாது. நேர் வெயிலிலோ, ஒரே புள்ளியிலிருந்து வரும் டார்ச் வெளிச்சத்திலோதான் தெரியும். அது மட்டுமில்லை. காம்பவுண்ட் போட்ட கீறல்களை மெல்லிய பாலிஷால் எடுப்பதற்குப் பதிலாக, எண்ணெயும் நிரப்பிகளும் கலந்த ஒரு கிளேஸைத் தடவி மூடியிருக்கிறார்கள். அதற்கு மேல் கனமாக வேக்ஸ். நிரப்பிகள் கீறலுக்குள் உட்கார்ந்து ஒளியைச் சமமாகத் திருப்பிவிடும், கண்ணுக்குக் கீறல் மறையும். ஷாம்பு போட்டுச் சில தடவை கழுவியதும் நிரப்பிகள் வெளியேறிவிட்டன. வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானட் முழுவதும் மெஷின் சுற்றிய தடம், நடக்க நடக்கக் கூடவே நகரும் நிழல் வளையங்கள். பானட்டின் முன் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. அது பிரைமர்.

வெயிலில் அதைப் பார்த்தபோது எனக்கு வந்தது கோபம்கூட இல்லை, துக்கம். ஒரு காரை எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபெயின்ட் அடிக்கலாம். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் ஒரே ஒரு முறைதான்.

சில காலத்துக்கு முன் காரை மதிப்பீடு செய்தபோது பெயின்ட் கனம் காட்டும் மீட்டரில் அளந்த குறிப்பு என்னிடம் இருந்தது. பானட் நடுவில் 110 மைக்ரான். வேறொரு அனுபவசாலியிடம் காட்டி மறுபடி அளந்தோம், அதே இடத்தில் 88. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 22 போனால் என்ன என்று தோன்றலாம். அந்த மீட்டர் காட்டுவது தகட்டுக்கு மேல் இருக்கும் மொத்தக் கனம். பிரைமரும் அதில் சேர்த்தி. நிறம் மட்டும் எவ்வளவு மிச்சம் என்று அது சொல்லாது. இன்னொரு முறை இப்படி யாராவது தேய்த்தால் நடுவிலும் பிரைமர் தெரியக்கூடும் என்றுதான் அந்த 88ஐ நான் படிக்கிறேன். அந்தக் கடையிலும் இதே மீட்டர் அலமாரியில் இருந்தது. எடுத்த அளவைக் கேட்டேன். எடுக்கவே இல்லை.

புகார் சொன்னதும் முதலில் "பழைய பெயின்ட் அப்படித்தான் சார் இருக்கும்" என்றார்கள். வீடியோவைக் காட்டினேன், வீடியோவை நீக்கிவிட்டார்கள். அப்புறம் பானட்டை மட்டும் மறுபெயின்ட் அடித்து, கார் முழுக்க செராமிக் கோட்டிங்கும் (பெயின்ட்டின் மேல் இறுகிப் பிடிக்கும் காப்புப் பூச்சு) பாதி விலையில் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். செராமிக் கோட்டிங் புதுக் காரின் கிளியர் கோட்டுக்கு நல்ல பொருள்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இறுகிய பிறகு அதை எடுக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், தேய்க்க நம்மிடம் பெயின்ட் இல்லை. வேக்ஸ் அப்படியில்லை. பிடிக்கவில்லையென்றால் பெயின்ட்டைத் தொடாமலே எடுத்துவிடலாம். திரும்பப் பெற முடியாத பெயின்ட்டின் மேல், திரும்ப எடுக்க முடியாத எதையும் போடுவதில்லை என்பது என் உறுதியான முடிவு.

வேக்ஸ் விஷயத்திலும் ஏமாற்றுத்தான். பில்லில் "100% தூய கார்னோபா" என்று எழுதி அதற்கு மட்டும் தனியாக ஒரு பெரிய தொகை. கார்னோபா என்பது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து வரும் மெழுகு. உருகுவதற்கு 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். சாதாரண வெப்பத்தில் கல் மாதிரி இறுகிக் கிடக்கும். அதைத் தனியாக எந்த காரிலும் தேய்க்க முடியாது. கரைப்பானும் எண்ணெயும் மற்ற மெழுகுகளும் கலந்தால்தான் பூசுகிற பதத்துக்கு வரும். ஆகவே டப்பா முழுக்கத் தூய கார்னோபா என்று ஒன்று இருக்க வழியில்லை. அந்த எண்ணைக் காட்டி விலை ஏற்றுபவரிடம், டப்பாவில் மீதி என்ன இருக்கிறது என்று கேளுங்கள். நல்ல கார்னோபா கலவை அடர்நிறங்களுக்கு அழகாக இருக்கும், சில வாரங்களிலிருந்து ஓரிரு மாதம் நிற்கும். செயற்கை பாலிமர் சீலன்ட் அதைவிட நாள் தாங்கும். பழைய எனாமலுக்கு இரண்டுமே சரிதான். எனக்குக் கார்னோபா பிடிக்கும், அது என் ரசனை. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுவதைக் காட்டி "பெயின்ட் புதுசாயிடுச்சு" என்று சொன்னால் நம்பாதீர்கள். உருள்வது மேலே இருக்கும் மெழுகினால். கீழே பெயின்ட் எப்படி இருக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கடைகளில் அதிகம் குழப்புவது பாலிஷ், வேக்ஸ் என்ற இரண்டையும்தான். பாலிஷில் தேய்க்கும் துகள் இருக்கிறது, அது எடுக்கும். வேக்ஸ் மேலே உட்கார்ந்து காக்கும். கிளீனர் வேக்ஸ் என்று வருவதில் இரண்டும் உண்டு. அதை மாதாமாதம் போட்டால் மாதாமாதம் கொஞ்சம் பெயின்ட் போகிறது என்று பொருள். டப்பாவின் முன்பக்கத்தில் வேக்ஸ் என்று மட்டும் இருந்தாலும் பின்பக்கத்தைப் படியுங்கள். மங்கலை நீக்கும், கீறலை எடுக்கும் என்று இருந்தால் அதில் பெரும்பாலும் துகளோ, கரைத்துத் துடைக்கும் வேதிப்பொருளோ உண்டு.

அந்த அனுபவசாலி என் காரின் கூரையைக் கையாண்ட விதம் வேறு. கூரையைக் கடைக்காரர்கள் அவ்வளவாகத் தொட்டிருக்கவில்லை, வெளுப்பு அப்படியே இருந்தது. கதவின் உள்ஓரத்தில் வெள்ளைத் துணியில் மென்மையான பாலிஷை ஒரு துளி வைத்துத் தேய்த்துப் பார்த்தார். சிவப்பு ஏறியது, ஒற்றை அடுக்கு உறுதி. கார் வெள்ளையாக இருந்தால் கறுப்புத் துணி வேண்டும், இல்லாவிட்டால் நிறம் ஏறுவது தெரியாது. அதற்குப் பிறகு அவர் மெஷினை எடுக்கவில்லை. துகள் இல்லாத, எண்ணெய் மிகுந்த கிளேஸை பருத்தித் துண்டால் தாராளமாகப் பூசி இரவு முழுக்க ஊற விட்டார். மெகுயர்ஸ் நிறுவனத்தின் 7ஆம் எண் கிளேஸைப் பழைய கார்க்காரர்கள் இதற்குத்தான் பயன்படுத்துவார்கள். காய்ந்து வறண்ட பழைய பெயின்ட் எண்ணெயைக் குடித்து நிறம் திரும்பும். மறுநாள் துடைத்து, மறுபடி பூசி, நிறம் எழும்பி வந்த பிறகு மிக மென்மையான பாலிஷைக் கையாலேயே ஒரு சுற்று. அதற்கு மேல் வேக்ஸ், மெல்லியதாக. எண்ணெயும் நிரப்பு வேலைதானே என்று கேட்கலாம். கீறலைப் போட்டுவிட்டு மறைப்பதற்கும், வறண்ட பெயின்ட்டுக்கு எண்ணெய் ஊட்டி அதன் மேல் வேக்ஸால் மூடிக் காப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர் ஒளிக்கவில்லை. இது நிரந்தரம் இல்லை, அவ்வப்போது திரும்பச் செய்ய வேண்டும் என்று முதலிலேயே சொன்னார்.

உங்கள் கார் மெட்டாலிக் நிறமாக இருந்து கிளியர் கோட் இல்லையென்றால் இன்னும் கவனம் வேண்டும். பெயின்ட்டுக்குள் இருக்கும் அலுமினியத் துகள்களையே பாலிஷ் சீவிவிடும். துணி சாம்பல் நிறமாகும், பரப்பு திட்டுத் திட்டாகும். பழைய லேக்கரில் வெடிப்புக் கோடுகள் இருந்தால் பாலிஷ் பக்கமே போக வேண்டாம். வெடிப்புக்குள் வெள்ளையாகப் போய் உட்கார்ந்த காம்பவுண்ட் வெளியே வராது. ரப்பர் பீடிங்கில் மறைப்பு நாடா ஒட்டாமல் வேலை தொடங்குபவரை அப்போதே நிறுத்துங்கள். என் கண்ணாடி பீடிங்குகளில் வெள்ளைக் கறை இன்னும் முழுதாகப் போகவில்லை.

பானட் ஓரத்தில் பிரைமர் தெரியும் இடத்துக்கு டச்சப் அடிக்க வேண்டியிருக்கிறது. இதிலும் ஒரு சிக்கல் காத்திருந்தது, இதே நிலையில் இருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். பளபளப்புக்காகப் பல வேக்ஸ்களிலும் கிளேஸ்களிலும் சிலிகான் எண்ணெய் சேர்ப்பார்கள். அதன் மிச்சம் இருக்கும் இடத்தில் புதுப் பெயின்ட் ஒட்டாமல் விலகி, மீன் கண் மாதிரி வட்டக் குழிகள் விழும். அந்தக் கடையில் என்ன போட்டார்கள் என்று கேட்டேன், பொருளின் பெயரைக்கூடச் சொல்ல மறுத்துவிட்டார்கள். ஆகவே பெயின்டரிடம் சிலிகான் இருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லி, அதை நீக்கும் திரவத்தால் துடைக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தத் திரவம் சுற்றியிருக்கும் பழைய பெயின்ட்டை ஒன்றும் செய்யாது என்று ஒளிவான ஓர் இடத்தில் சோதித்துப் பார்த்த பிறகுதான் பானட்டில் கை வைப்பார். உங்கள் காரில் யார் எதைப் பூசினாலும் டப்பாவைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காட்ட மாட்டேன் என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.