காற்றுப்பை மாற்றாமலே காசு வாங்கிய கராஜ்: வாகனத்தைக் கப்பலேற்றுவோர் கவனத்துக்கு

ஜேர்மனியில் வாழும் என் சித்தப்பா, 1984 ஆம் ஆண்டு பென்ஸ் சேசியின் மேல் கட்டப்பட்ட உள்ளேயே தங்கிப் பயணிக்கக்கூடிய தமது பழைய வீட்டு வாகனத்தைக் கார்னே பத்திரத்தில் (சுங்கவரி கட்டாமல் தற்காலிகமாக வாகனத்தைக் கொண்டுவர உதவும் ஆவணம்) இலங்கைக்குக் கொண்டுவந்து, யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவிலேயே நான்கு மாதம் நிறுத்தி வைத்திருந்தார். அந்தப் பத்திரம் ஒரு வருடத்துக்கே செல்லும் என்பதால், திருப்பி அனுப்பும் ஆயத்தங்களை என்னிடம் ஒப்படைத்துவிட்டு அவர் முன்னதாகவே விமானம் ஏறிவிட்டார்.

அந்த வாகனத்தின் பின்பக்கத்தில், ஸ்பிறிங் தகடுகளுக்குத் துணையாக, அச்சுக்கும் சேசிக்கும் இடையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு றப்பர்க் காற்றுப்பைகள் உள்ளன. பின்சில்லுகளுக்கு அப்பால் உடம்பு நீண்டிருப்பதால், கப்பலின் சாய்தளத்தில் ஏறும்போது வால் உரசாதிருக்க அவற்றில் காற்று நிற்க வேண்டும். ஏறிய பின்னரோ, தளத்தோடு பட்டிகளால் இறுக்கிக் கட்டப்பட்ட வாகனம் நடுக்கடலில் காற்றிறங்கித் தாழ்ந்தால் கட்டுத் தளர்ந்து ஆடத் தொடங்கிவிடும். ஆகவே பைகளைப் புதிதாக மாற்றுவதற்கும், காற்று இறங்கினாலும் சேசியைத் தாங்கக்கூடிய இரும்புத் தாங்கிகள் இரண்டு செய்வதற்குமாக, நகரை அண்டிய ஒரு கராஜுடன் 185,000 ரூபாவுக்குப் பேசி முடித்தேன். "தம்பி, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, ஜேர்மன் சாமான்தான் போடுறன்" என்று சொல்லிப் பிளேன்ரீயும் தந்தார் உரிமையாளர்.

வேலை முடிந்த அன்று மாலை, பைகளின் காற்றழுத்தத்தைக் காட்டும் இரு மானிகளும் 3 பார் (அழுத்த அலகு) காட்டின. இரவு முழுவதும் அங்கேயே விட்டுவிட்டு மறுநாள் காலையில் போய்ப் பார்த்தபோதும் முள் அசையவில்லை. நான் திருப்தியோடு மிகுதிக் காசையும் எண்ணிக் கொடுத்தேன். கழற்றிய பழைய பைகளைக் கேட்டபோது, பழைய இரும்புக்காரன் கொண்டுபோய்விட்டான் என்றார்கள்; அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

துறைமுகத்துக்கெனப் புறப்பட்டு, ஏ9 வீதியில் வவுனியாவை அடைந்து தேநீருக்கு நிறுத்தியபோது வாகனத்தின் இடப்பக்க வால் ஒரு சாண் அளவுக்குத் தாழ்ந்திருந்தது, ஆனால் உள்ளே இடப்பக்க மானி மட்டும் அதே 3 பாரில் நின்றது. கீழே படுத்து, மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் பையைத் துடைத்தேன். சப்பாத்து மை போல் கறுப்பு வழிந்து வர, மடிப்புகளில் நரம்பு நரம்பாக வெடிப்புகள் தெரிந்தன. மானியிலிருந்து வரும் விரலிலும் மெல்லிய குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனபோது, பைக்கு ஒரு முழம் முன்னால் கறுப்பு ரேப் சுற்றப்பட்டிருந்த இடத்தில் கை தடக்கியது. பிரித்துப் பார்த்தால், குழாயை அறுத்து அதன் வாயில் ஒரு பித்தளைத் திருகாணியை முறுக்கிக் கிளிப் போட்டிருந்தார்கள். பை மெல்ல மெல்ல இறங்க, அடைபட்ட குழாய்க்குள் நின்ற காற்றைத்தான் மானி இரவெல்லாம் அளந்திருக்கிறது.

சில்லுக்கு மேலுள்ள வளைவிலிருந்து நிலம் வரையான உயரத்தை மாலையில் ஒருமுறை, காலையில் ஒருமுறை அளவுநாடாவால் அளந்திருந்தால், இந்தத் தந்திரம் கராஜ் வாசலிலேயே பிடிபட்டிருக்கும். குழாய் பொருத்தப்படும் பூட்டுகளில் சவர்க்கார நுரை தடவிப் பார்ப்பதும் நல்லதே. ஆனால் ஒழுகும் இடத்தையே குழாயிலிருந்து துண்டித்துவிட்டவனிடம் நீங்கள் பார்க்கும் பூட்டில் நுரை குமிழியிடாது.

துறைமுகத்தில் பூட்டுங்கள் என்று கராஜில் சாக்கில் சுற்றித் தந்த "இரும்புத் தாங்கிகளை"யும் வவுனியாவிலேயே அவிழ்த்தோம். உள்ளே இருந்தவை இரண்டு பனங்கட்டைகள். கூரை வளைக்குப் பனையை விஞ்ச மரமில்லைத்தான், ஆனால் ஒன்று மற்றதைவிட இரண்டு விரற்கடை கட்டையாக இருந்தது.

கொழும்பில் சொகுசு பஸ்களுக்கு வேலை செய்யும் ஒருவரிடம் மறுபடி செலவழித்துப் பைகளை மாற்றி முடிப்பதற்குள் கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பல் வரும் வரைக்கும் தரிப்பிட வாடகை வேறு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் விவகார அதிகார சபையிடம் முறையிட்டபோது பற்றுச்சீட்டைக் கேட்டார்கள். என்னிடம் இருந்த துண்டில் "பின்பக்க வேலை, முழுக்காசும் பெற்றேன்" என்று மாத்திரமே எழுதியிருந்தது, எந்த உதிரிப்பாகத்தின் பெயரும் இல்லை. கராஜ்காரர் தவறை ஒப்புக்கொள்ளாமலே 40,000 ரூபாவைத் திருப்பித் தந்திருக்கிறார். மிகுதிக்கான விசாரணை நடக்கிறது. அறுத்த குழாயைத் திருகாணியோடும் கட்டைகள் இரண்டையும் அதே சாக்கோடும் ஒப்படைத்துள்ளேன்.